தென் இங்கிலாந்தில் கோடைக்காலக் கற்பித்தலும் ஒருநாள் பயணங்களும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தென் இங்கிலாந்தின் கடலோர ஊர்களில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை நடக்கும் ஆங்கில மொழிப் பள்ளிகளைப் பற்றியும், அங்கிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றியும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பதில்களை எழுதியிருப்பவர் சசெக்ஸ் கடற்கரைப் பகுதியின் கோடைப் பள்ளிகளில் ஆசிரியராகவும், மாணவர் பயணங்களுக்குப் பொறுப்பாளராகவும் பணியாற்றியவர்.

கேள்வி: நான் தனியார் பள்ளியொன்றில் ஆங்கில ஆசிரியை. எங்களுக்குக் கோடை விடுமுறை விடும்போது, சுற்றுலா விசாவில் இங்கிலாந்து சென்று அங்குள்ள கோடைப் பள்ளியில் இரண்டு மாதம் கற்பிக்க முடியுமா? ஒரு முகவர் முடியும் என்று சொல்லி முன்பணம் கேட்கிறார்.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முடியாது. அந்த முன்பணத்தைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். பிரிட்டனின் பார்வையாளர் விசாவில் வருபவர் ஊதியத்துக்கும் வேலை செய்யக் கூடாது, ஊதியமின்றியும் பள்ளியொன்றில் ஆசிரியர் வேலை பார்க்கக் கூடாது. வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடமே கட்டணம் வாங்குவதை, சில துறைகள் நீங்கலாக, அந்த நாட்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே அப்படிப் பணம் கேட்பவரைச் சந்தேகிக்க அந்த ஒரு காரணமே போதும்.

உங்களுக்கு 30 வயதுக்கு மேல் ஆகவில்லை என்றால் நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. பட்டம் பெற்ற, 18 முதல் 30 வயது வரையுள்ள இந்தியர்களுக்கென 2023 முதல் இளம் தொழில்முறையாளர் திட்டம் ஒன்று நடைமுறையில் உள்ளது. ஆண்டுக்கு 3,000 பேர் வரை குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, இரண்டு ஆண்டுகள் அங்கே தங்கி வேலை செய்யலாம். குலுக்கலில் பெயர் கொடுப்பதற்குக் கட்டணம் கிடையாது. தேர்வானால், கையிருப்பாக 2,530 பவுண்டு இருப்பதைக் காட்ட வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், எந்த முடிவை எடுப்பதற்கு முன்பும் பிரிட்டன் அரசின் இணையதளத்தை நேரடியாகப் பார்த்துவிடுங்கள்.

வேலை செய்யும் உரிமை கிடைத்த பிறகு பள்ளிகள் கேட்கும் தகுதி, ஆங்கிலம் கற்பிப்பதற்கான கேம்பிரிட்ஜின் செல்டா சான்றிதழ் அல்லது இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் அதற்கு இணையான சான்றிதழ். இரண்டும் சுமார் 120 மணி நேரப் பயிற்சி. அதில் உண்மையான மாணவர்களுக்கு முன்னால் ஆறு மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். பயிற்சியாளர் வகுப்பில் உட்கார்ந்து கவனிப்பார். நம் ஊரில் பல ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தவர்களுக்கும் இந்தப் பயிற்சி அவசியம் என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். ஏனென்றால் கோடைப் பள்ளியில் ஆசிரியர் பேசும் நேரத்தைவிட மாணவர் பேசும் நேரம் அதிகமாக இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் பயிற்சியில்லாமல் வருவதில்லை.

கேள்வி: இங்கே முதுகலை படித்துக்கொண்டிருக்கிறேன். செல்டா சான்றிதழ் இருக்கிறது. கடற்கரை ஊர் ஒன்றில் மாணவர்களோடு தங்கிக் கற்பிக்கும் வேலை ஜூலையில் கிடைக்கும்போல் இருக்கிறது. வேலை எப்படி இருக்கும்?
– வாசகர், சௌத்தாம்ப்டன்

பதில்: முதலில் உங்கள் விசாவைப் பற்றி ஒரு வார்த்தை. மாணவர் விசாவில் பட்டப்படிப்பு படிப்பவர்கள் பருவ நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரமும், விடுமுறையில் முழு நேரமும் வேலை செய்யலாம் என்பது பொது விதி. ஆனால் ஓராண்டு முதுகலைப் படிப்பில் கோடைக்காலம் பெரும்பாலும் விடுமுறையாகக் கருதப்படுவதில்லை. அது ஆய்வேடு எழுதும் பருவம். இளங்கலை மாணவர்களுக்குப் பொருந்துவது உங்களுக்கும் பொருந்தும் என்று நினைத்துக் கையெழுத்திட்டுவிடாமல், உங்கள் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தங்கிக் கற்பிக்கும் வேலை 20 மணி நேரத்துக்குள் அடங்குவது அரிது.

இனி வேலை. பொதுவாகக் காலையில் மூன்று மணி நேர வகுப்பு, இடையில் ஒரு சிற்றிடைவேளை, பிற்பகலில் விளையாட்டோ ஊர் சுற்றலோ, இரவு உணவுக்குப் பின் வினாடி வினா, நடனம் போன்ற நிகழ்ச்சி. வாரத்தில் ஒருமுறை அரைநாள் பயணமும், பெரும்பாலும் சனிக்கிழமையில் முழுநாள் பயணமும் இருக்கும். வாரந்தோறும் சிலர் ஊர் திரும்ப, புதியவர்கள் வந்து சேர்வார்கள். எனவே திங்கட்கிழமை காலையில் தரம் பிரிக்கும் தேர்வு நடக்கும். நீங்கள் ஞாயிறன்று அறிந்திருந்த வகுப்பு திங்கள் மதியம் வேறொரு வகுப்பாக மாறியிருக்கும். இத்தாலி, ஸ்பெயின், துருக்கி, சீனா என்று பல நாட்டுப் பதின்பருவத்தினர் ஒரே மேசையில் அமர்ந்திருப்பதுதான் இந்த வேலையின் பெரிய வரம். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாததால், ஆங்கிலத்தில் பேசுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களைப் படித்துப் பாருங்கள். வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு எழுத்தில் உள்ளதா? விடுப்பூதியம் தனியாகக் காட்டப்பட்டுள்ளதா? தங்குமிடத்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள்? குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் தங்குமிடத்துக்கு ஈடாகச் சேர்க்கக்கூடிய தொகைக்குச் சட்டத்தில் நாள் கணக்கில் உச்சவரம்பு உண்டு. சாப்பாட்டை அந்தக் கணக்கில் சேர்க்கவே முடியாது. இரவு நிகழ்ச்சியும் பயண நாளும் வேலை நேரம்தான் என்பதை நினைவில் வையுங்கள். குழந்தைகளோடு பணியாற்றுவதால் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு கட்டாயம். நீங்கள் இந்தியாவில் வாழ்ந்த காலத்துக்கான காவல்துறைச் சான்றையும் கேட்பார்கள் என்பதால், அதற்கு இப்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

கேள்வி: நானும் கோடைப் பள்ளி ஆசிரியர்தான். பயண நாட்களில் மாணவர்கள் கடைகளுக்குள் ஓடிவிடுகிறார்கள். கையில் கொடுக்கும் வினாத்தாளை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி முடித்துவிடுகிறார்கள். பயணத்தை எப்படிப் பாடமாக்குவது?
– வாசகி, குராய்டன்

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் மகிழ்ச்சி அடைந்தேன். பயணம் என்பது பாடத்துக்கு விடும் விடுமுறை அன்று, பாடம் வெளியே நடக்கும் நாள் என்று நினைக்கும் ஆசிரியர்கள் குறைவு. பெற்றோர் பெரும் பணம் கட்டி அனுப்புவது, பிள்ளை ஒரு பொருட்கடையை இன்னொரு நாட்டிலும் பார்த்துவர வேண்டும் என்பதற்காக அன்று.

இருபது கேள்விகள் கொண்ட வினாத்தாளைக் கைவிடுங்கள். பயணத்துக்கு முந்தைய நாள் வகுப்பில் ஒரே ஒரு மொழிக்கூற்றைக் கற்பித்து, அது கட்டாயம் தேவைப்படும் இடத்துக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். கேன்டர்பரியை எடுத்துக்கொள்வோம். 597இல் ரோமிலிருந்து அகஸ்டின் வந்து கிறித்தவத்தைப் பரப்பிய ஊர் அது. 1170 டிசம்பர் 29 அன்று பேராயர் தாமஸ் பெக்கெட்டை மன்னர் இரண்டாம் ஹென்றியின் வீரர்கள் பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். பிறகு அவர் புனிதராக்கப்பட்டார், அவருக்குச் சமாதி எழுப்பப்பட்டது, மூன்றரை நூற்றாண்டுகள் மக்கள் யாத்திரை வந்தார்கள், 1538இல் எட்டாம் ஹென்றியின் ஆணையால் அந்தச் சமாதி அழிக்கப்பட்டது. கொல்லப்பட்டார், கட்டப்பட்டது, அழிக்கப்பட்டது: ஆங்கிலத்தின் செயப்பாட்டு வினையைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. பாடநூலில் உயிரற்றுக் கிடக்கும் அந்த வாக்கிய அமைப்பு, செய்தவரைவிடச் செய்யப்பட்டது முக்கியமாகும்போது எப்படித் தேவைப்படுகிறது என்பதை அந்தக் கல்தரையில் நிற்கும்போது பதினான்கு வயதுப் பிள்ளையும் புரிந்துகொள்கிறது.

உள்ளே சென்றதும் மூன்று இடங்களை மட்டும் காட்டுங்கள். கொலை நடந்த மூலையில் சுவரில் பொருத்தப்பட்டிருக்கும் வாள்களின் சிற்பம் முதலாவது. யாத்திரிகர்கள் ஏறி ஏறித் தேய்ந்துபோன படிக்கட்டு இரண்டாவது. ஒவ்வொரு படியின் நடுவிலும் கல் குழிந்திருப்பதைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். சமாதி இருந்த இடத்தில், வெறும் தரையில் எரியும் ஒற்றை மெழுகுவர்த்தி மூன்றாவது. பிறகு மாணவர்களை மூவர் மூவராகப் பிரித்து, அங்கே நிற்கும் வழிகாட்டித் தொண்டர் ஒருவரிடம் தாங்களே உருவாக்கிய கேள்வியைக் கேட்டு, விடையைக் கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். அந்தத் தொண்டர்களில் பலர் ஓய்வுபெற்றவர்கள். பேசுவதற்கென்றே வந்து நிற்பவர்கள். தட்டுத்தடுமாறிக் கேட்கும் பிள்ளைக்குப் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். அந்நியர் ஒருவரிடம் ஆங்கிலத்தில் கேட்டு, அவர் சொன்னது தனக்குப் புரிந்துவிட்டது என்று தெரியும் கணத்தில் அந்தப் பிள்ளையின் முகத்தில் வரும் மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே இந்த வேலைக்கு வரலாம்.

கடை நேரத்தை மறுக்க வேண்டாம். அதைக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு ஒதுக்குங்கள். கூடும் இடத்தை வாயால் மட்டும் சொல்லாமல், அங்கேயே அழைத்துச் சென்று காட்டிவிட்டுப் பிரித்து அனுப்புங்கள். பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டுமல்லாமல், இடம் மாறும் ஒவ்வொரு முறையும் தலை எண்ணுங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து அம்மா எங்களோடு தங்க வந்திருக்கிறார். எழுபது வயது கடந்தவர், மெதுவாக நடப்பார். விண்சர், பாத், ஸ்டோன்ஹெஞ்ச் மூன்றையும் ஒரே நாளில் காட்டும் பேருந்துப் பயணத்துக்குப் பதிவு செய்யலாமா?
– வாசகர், ஹாரோ, இலண்டன்

பதில்: வேண்டாம் என்பதே என் ஆலோசனை. இலண்டனிலிருந்து பாத் நகரம் 180 கிலோமீட்டருக்கும் மேல். விடியலில் கிளம்பி இரவில் திரும்பும் அந்த நாளின் பெரும்பகுதியை உங்கள் தாயார் இருக்கையில் கழிப்பார். இறங்கும் இடங்களில் மணியைப் பார்த்துக்கொண்டே அவரை விரைந்து நடக்கச் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு நாளுக்கு ஓர் ஊர், மிஞ்சினால் அதையடுத்த ஓரிடம் என்று வைத்துக்கொண்டால் அவருக்கும் மனத்தில் நிற்கும்.

தொல்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சைப் பார்க்க விருப்பமென்றால் சாலிஸ்பரிக்கு ரயிலில் செல்லுங்கள். வாட்டர்லூ நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். சாலிஸ்பரி நிலையத்திலிருந்து ஸ்டோன்ஹெஞ்ச் செல்லும் சுற்றுலாப் பேருந்து கிடைக்கும். பார்வையாளர் மையத்திலிருந்து கற்கள் 2 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தாலும், அங்கே கொண்டுபோய் விட வண்டி உண்டு, நடக்க வேண்டியதில்லை. வழக்கமான நேரத்தில் கல்வட்டத்துக்குள் போக விடமாட்டார்கள், சுற்றுப்பாதையிலிருந்துதான் பார்க்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரியாமல் வருபவர்கள் ஏமாற்றம் அடைகிறார்கள். ஆனால் அந்தக் கற்கள் எங்கிருந்து வந்தன என்பதை அறிந்து பார்த்தால் தூரம் ஒரு குறையாகத் தெரியாது. சுமார் 25 டன் எடையுள்ள பெரிய கற்கள் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்தவை என்று 2020இல் கண்டறிந்தார்கள். சிறிய நீலக்கற்கள் மேற்கு வேல்ஸின் மலைகளிலிருந்து, 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்தவை. நடுவில் கிடக்கும் பலிபீடக் கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்தது என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. இதெல்லாம் நடந்தது சக்கரம்கூட அந்தத் தீவை எட்டியிராத காலத்தில், ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்பு.

பிற்பகலை சாலிஸ்பரி பேராலயத்துக்கு ஒதுக்குங்கள். அதன் கோபுரம் 123 மீட்டர். பிரிட்டனில் எந்தத் தேவாலயத்துக்கும் இவ்வளவு உயரக் கோபுரம் இல்லை. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215ஆம் ஆண்டு உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவின் எஞ்சியுள்ள நான்கு மூலப்படிகளில் ஒன்று அங்கே இருக்கிறது. உள்ளே ஒரு பழைய இரும்புக் கடிகாரத்தையும் தவறவிடாதீர்கள். சுமார் 1386இல் செய்யப்பட்ட அதற்கு முகமும் இல்லை, முள்ளும் இல்லை. மணி அடித்து நேரம் சொல்வதற்காக மட்டுமே செய்யப்பட்டது. உட்கார இருக்கைகள் நிறைய உண்டு. விண்சர் கோட்டையை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது வழக்கமாகச் செவ்வாயும் புதனும் மூடியிருக்கும்.

மூவர் முதல் ஒன்பது பேர் வரை சேர்ந்து நெரிசல் இல்லாத நேரத்தில் பயணித்தால், பல ரயில் நிறுவனங்கள் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கின்றன. பயணச்சீட்டு எடுக்கும்போது குழுச்சலுகை என்று கேளுங்கள்.

கேள்வி: பிரைட்டன் அரண்மனையில் இந்தியப் போர்வீரர்களுக்கு மருத்துவமனை இருந்தது என்கிறார்கள். உண்மையா? அதைப் பார்க்க முடியுமா?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: உண்மைதான். பிரைட்டனுக்குப் போகும் நம்மவர்கள் கடற்கரையையும் கடலுக்குள் நீளும் பொழுதுபோக்குப் பாலத்தையும் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் திரும்புவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரானவருக்காக, ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் 1815 முதல் உருமாற்றிக் கட்டிய மாளிகை அது. வெளியே இந்தியக் குவிமாடங்கள், உள்ளே சீன அலங்காரம். 1850இல் நகரமே அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. முதல் உலகப் போரில் பிரான்ஸ் களத்தில் காயமுற்ற இந்தியப் படையினருக்காக, 1914 டிசம்பரில் மாளிகையும் அதையொட்டிய அரங்கங்களும் எழுநூறுக்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாக மாற்றப்பட்டன. பெரிய சரவிளக்குகளுக்குக் கீழே வரிசையாகக் கட்டில்கள் கிடக்கும் புகைப்படங்கள் இன்றும் உள்ளன. மதத்துக்கும் சாதிக்கும் ஏற்ப ஒன்பது சமையற்கூடங்கள் அமைத்தார்கள்; இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள் வைத்தார்கள்; அறிவிப்புகளை உருதுவிலும் இந்தியிலும் குர்முகியிலும் எழுதினார்கள். அங்கே சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபியர், கார்வாலியர், கூர்க்காக்கள், பட்டாணியர். 1915 ஆகஸ்டில் மிர் தஸ்த் என்ற ஜமேதாருக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், வீரத்துக்கான உயரிய பதக்கமான விக்டோரியா சிலுவையை அணிவித்தது இந்த மாளிகைத் தோட்டத்தில்தான். இந்த ஏற்பாடுகளில் அக்கறை இருந்தது. இந்தியாவில் ஆட்சிக்கு ஆதரவு குறையாமல் பார்த்துக்கொள்ளும் கணக்கும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மாளிகைக்குள் இதற்கென ஒரு காட்சியறை உண்டு. தெற்கு வாயிலில் நிற்கும் இந்திய வாயில், இந்திய மக்களின் நன்றியாக 1921 அக்டோபரில் பாட்டியாலா மகாராஜாவால் திறந்து வைக்கப்பட்டது. ஆனால் நீங்கள் கட்டாயம் போக வேண்டிய இடம் நகருக்கு வடக்கே, பாச்சம் என்ற சிற்றூருக்கு மேலுள்ள புல்வெளிக் குன்றில் இருக்கிறது. பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேர் அங்கேதான் தகனம் செய்யப்பட்டார்கள். சாம்பல் கடலில் கரைக்கப்பட்டது. அவ்விடத்தில் பம்பாயைச் சேர்ந்த ஹென்ரிகஸ் என்ற இளம் கட்டடக் கலைஞர் வடிவமைத்த வெண்பளிங்கு மண்டபம் 1921 பிப்ரவரி முதல் நாள் திறக்கப்பட்டது. குடை என்று பொருள்படும் சத்ரி என்பதே அதன் பெயர். எட்டுத் தூண்கள், மேலே ஒரு குவிமாடம், முன்னால் சிதை எரிந்த மேடைகளை மூடிய மூன்று கருங்கற் பலகைகள். அந்த 53 பேரின் பெயர்கள் பொறித்த தனிச்சுவர் 2010இல்தான் அருகில் எழுப்பப்பட்டது. அங்கே வண்டி போகாது. மேய்ச்சல் நிலத்தின் வழியாக நடந்துதான் ஏற வேண்டும். காலணி உறுதியாக இருக்கட்டும், வழியில் வரும் வேலிக்கதவுகளைத் திறந்தால் மூடிவிடுங்கள். முஸ்லிம் வீரர்கள் சர்ரேயிலுள்ள வோக்கிங் ஊரில், 1889இல் கட்டப்பட்ட ஷாஜகான் மசூதிக்கு அருகே ஹார்செல் பொதுவெளியில் அடக்கம் செய்யப்பட்டார்கள். அது வேறொரு நாளைய பயணம்.

கேள்வி: பதினைந்து வயது மகளை ஈஸ்ட்போர்னில் மூன்று வாரக் கோடைப் பள்ளிக்கு அனுப்ப இருக்கிறோம். பயணப் பட்டியலில் செவன் சிஸ்டர்ஸ் கடற்பாறை நடைப்பயணம் இருக்கிறது. அங்கே பாறை சரியும் என்று கேள்விப்பட்டதிலிருந்து அச்சமாக இருக்கிறது.
– வாசகி, சென்னை

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதே. ஆனாலும் அந்தப் பயணத்தை மறுக்க வேண்டாம். தென் இங்கிலாந்தில் நான் கண்ட காட்சிகளில் அதற்கு நிகரானது இல்லை. அதை ஒட்டிய பீச்சி ஹெட், 162 மீட்டர் உயரத்தில், பிரிட்டனின் மிக உயர்ந்த சுண்ணப்பாறைக் கடற்செங்குத்து. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த நுண்ணுயிர்களின் ஓடுகளால் ஆனது அந்த வெள்ளைப் பாறை. மென்மையானதால்தான் கடல் அதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அங்குள்ள பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கம் விளிம்பிலிருந்து விழுந்துவிடாமல் இருக்க, 1999இல் கட்டடத்தை அப்படியே 17 மீட்டர் உள்ளே நகர்த்த வேண்டியிருந்தது.

ஆபத்து இருவகையானது. மேலே நிற்பவருக்கு, காலடியில் உறுதியாகத் தெரியும் புல்தரைக்குக் கீழே பாறை அரித்துப்போயிருக்கலாம். கீழே கடற்கரையில் நிற்பவருக்கு, மேலிருந்து கல் விழலாம், அல்லது ஏறிவரும் அலை திரும்பும் வழியை அடைத்துவிடலாம். ஆகவே பள்ளிக்கு எழுதி, எந்தப் பாதையில் அழைத்துச் செல்கிறார்கள், விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நடக்க வைக்கிறார்கள், அன்றைய கடலேற்ற நேரத்தைப் பார்த்துத்தான் கிளம்புகிறார்களா, எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று கேளுங்கள். எக்சீட் என்ற இடத்திலிருந்து கக்மியர் ஆற்றை ஒட்டிக் கடற்கரை வரை செல்லும் சமதளப் பாதையிலேயே பாறைகளின் அழகை முழுமையாகப் பார்க்கலாம். முழு முகட்டிலும் ஏறி இறங்கிய பிறகுதான் பார்த்ததாகக் கணக்கு என்று இல்லை. மகளிடம் ஒன்றே ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்: படம் எடுப்பதற்காக விளிம்புக்குப் போகக் கூடாது, தோழிகள் போனாலும் போகக் கூடாது.

விசாவைப் பொறுத்தவரை, ஆறு மாதத்துக்குட்பட்ட படிப்பென்றால், அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பார்வையாளர் விசாவிலேயே படிக்கலாம். தனியே செல்லும் சிறாருக்குப் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதலும், தங்குமிடம், பயண ஏற்பாடு ஆகியவற்றின் விவரமும் வேண்டும். பிரிட்டிஷ் கவுன்சில் அங்கீகாரம் பள்ளிக்கு உள்ளதா என்பதை அந்த அமைப்பின் பட்டியலிலேயே சரிபாருங்கள். மரக்கறி உணவென்றால், பயண நாளின் பொட்டலச் சாப்பாட்டில் என்ன தருவார்கள் என்பதைத் தனியாகக் கேளுங்கள். உணவுக்கூடத்தில் பல வகை இருந்தாலும், பொட்டலத்தில் பெரும்பாலும் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டிதான் இருக்கும்.

கேள்வி: மழை பெய்தால் எங்கே போவது?
– வாசகர், ரெடிங்

பதில்: வின்செஸ்டருக்கு. அங்குள்ள பேராலயம் ஈரநிலத்தில் கட்டப்பட்டதால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமிழத் தொடங்கியது. வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பவர் 1906 முதல் 1911 வரை நாள்தோறும் சுவர்களின் அடியில் நிறைந்த கலங்கல் நீருக்குள் இறங்கி, கண்ணுக்கு எதுவும் தெரியாத இருட்டில் கையால் தடவித் தடவி, 25,000க்கும் மேற்பட்ட கான்கிரீட் மூட்டைகளை அடுக்கி அடித்தளத்தை நிலைநிறுத்தினார். அவருடைய சிறு சிலை உள்ளே இருக்கிறது. 1817இல் மறைந்த நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கப்பல்களில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் போர்ட்ஸ்மவுத்துக்குப் போகலாம். 1545இல் மூழ்கி 1982இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலைக் கூரையின் கீழேயே நின்று பார்க்கலாம். இரண்டு இடங்களிலும் மாலையில் சீக்கிரமே உள்ளே விடுவதை நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே மதிய உணவை ரயிலிலேயே முடித்துக்கொண்டு நேராக உள்ளே செல்லுங்கள்.